கல்வெட்டுக்கு ஒரு கோப்பு வகை: ஆவண வடிவங்கள் உள்ளே எப்படி அமைந்திருக்கின்றன

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். அட்டையில் நினைவு மலர் என்று இருந்தாலும் வீட்டுப் பேச்சில் அது கல்வெட்டுத்தான். தேவார திருவாசகம், காலமானவரின் வாழ்க்கை வரலாறு, இறந்த நாளின் திதியைச் சொல்லும் வெண்பா, கடைசிப் பக்கங்களில் வம்சாவளி. ஒரு மாதத்துக்குள் எழுதி, தட்டச்சிட்டு, பிழை பார்த்து, அச்சிட்டு முடிக்கும் அவசர வேலை அது. ஆனாலும் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கடிதங்களையும் காணி உறுதிகளையும் விட்டுவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, பூட்டன் பூட்டி பெயர்கள் எழுத்தில் மிஞ்சியிருக்கும் இடம் இந்தப் புத்தகம்தான்.

கணினி அச்சுக்கோர்ப்பு வந்த பிறகு கல்வெட்டுக்குக் கோப்பு என்று ஒன்று உண்டு. அச்சகத்தார் அதை இறுவட்டில் பதிந்து வீட்டாரிடம் கொடுத்திருப்பார்கள். இருபது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளை ஒருவர் அதைத் திறக்கப் பார்க்கிறார். திறப்பதற்கு மென்பொருள் இல்லை என்று கணினி சொல்கிறது. அல்லது திறக்கிறது, ஆனால் பக்கம் முழுக்கப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். ‘கோப்பு பழுதாகிவிட்டது’ என்று முடிவு கட்டி அதை ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒதுக்கப்படும் கோப்பில் ஒரு பைட்டும் பழுதாகியிருக்காது. அதைப் படிக்கும் முறைதான் கைவிட்டுப் போயிருக்கும். அந்த முறை எங்கே இருக்கிறது, அதை எப்படி மீட்பது, கல்வெட்டு போன்ற ஓர் ஆவணத்துக்கு நாமே ஒரு கோப்பு வகையை அமைப்பதானால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

எண்களும் உடன்பாடும்

வட்டில் ஆவணம் என்று எதுவும் கிடையாது. 0 முதல் 255 வரையான எண்களின் நீண்ட வரிசை மட்டுமே இருக்கிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். இந்த எண் ஓர் எழுத்தா, ஒளிப்படத்தில் ஒரு புள்ளியின் நிறமா, பக்கத்தின் அகலமா என்று அது தானாகச் சொல்லாது. எழுதிய மென்பொருளும் படிக்கும் மென்பொருளும் ஒரே உடன்பாட்டின்படி நடந்தால்தான் அந்த வரிசை ஆவணமாகும். அந்த உடன்பாட்டைத்தான் கோப்பு வடிவம் என்கிறோம்.

பெயரின் முடிவில் புள்ளிக்குப் பிறகு வரும் டொக், டொக்எக்ஸ், பிடிஎஃப் போன்ற பின்னொட்டு அந்த உடன்பாடு அல்ல. அதைச் சுட்டும் அடையாளம் மட்டுமே. மிளகாய்த்தூள் போத்தலில் மல்லித்தூள் என்று தாள் ஒட்டினால் உள்ளே இருப்பது மாறாது. ஆனாலும் விண்ணப்பம் பிடிஎஃப் ஆக வேண்டும் என்றவுடன் வேர்ட் கோப்பின் பெயரை மட்டும் மாற்றி அனுப்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மறுமுனையில் இருப்பவருக்கு அது திறக்காது.

உள்ளே இருப்பது என்ன என்பதை உண்மையாகச் சொல்வது, பெரும்பாலான வடிவங்களில், முதற் சில பைட்டுகள். பிடிஎஃப் கோப்பு 37, 80, 68, 70 என்று தொடங்கும். விழுக்காட்டுக் குறியும் பி, டி, எஃப் என்ற மூன்று எழுத்துகளும்தான் அவை. பிஎன்ஜி படம் 137, 80, 78, 71 என்று தொடங்கும். 1997 முதல் 2003 வரை வந்த வேர்ட் பதிப்புகளின் டொக் கோப்பு 208, 207, 17, 224 என்று தொடங்கும். பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஸிப் கோப்பு 80, 75, 3, 4 என்று தொடங்கும். முதல் இரண்டும் பி, கே என்ற எழுத்துகள், 1989 இல் அந்த வடிவத்தை உருவாக்கிய பில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள். பின்னொட்டுத் தொலைந்த கோப்பு கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தொடக்கத்தைத்தான். லினக்ஸிலும் மக்கிலும் இதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ‘ஃபைல்’ என்ற கட்டளை இருக்கிறது. விண்டோஸில் பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஒரு தொகுப்பி போதும்.

விண்டோஸ் பின்னொட்டை நம்பித்தான் எந்த மென்பொருளைத் திறப்பது என்று முடிவு செய்கிறது. போதாததற்கு, தெரிந்த பின்னொட்டுகளை இயல்பாகவே மறைத்தும் வைக்கிறது. 2000 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய காதல் கடித நச்சுநிரல் இந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது. பெயரின் முடிவுபோலத் தெரிந்தது உரைக்கோப்பின் பின்னொட்டு. மறைந்திருந்த உண்மையான பின்னொட்டு நிரலுக்குரியது. பின்னொட்டுகள் எப்போதும் தெரியும்படி கணினியை அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வேர்ட் கோப்பைப் பிரித்துப் பார்த்தால்

ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். வேர்டில் ‘யாழ்ப்பாணம்’ என்று ஒரே ஒரு சொல்லை, உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் யுனிகோட்டில் தட்டச்சிட்டு டொக்எக்ஸ் ஆகச் சேமியுங்கள். அதற்கு ஒரு படி எடுத்து, பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். திறக்கும். டொக்எக்ஸ் என்பது உண்மையிலேயே ஒரு ஸிப் கோப்பு என்பதால், இங்கே மட்டும் பெயர் மாற்றம் பலிக்கிறது. உள்ளே பல சிறு கோப்புகள் இருக்கும்: எந்தப் பகுதி எந்த வகை என்று சொல்லும் பட்டியல் ஒன்று, பாணிகள் ஒன்று, எழுத்துருப் பட்டியல் ஒன்று, படங்கள் இருந்தால் அவற்றுக்கு ஓர் உறை. எழுதிய உரை ‘வேர்ட்’ என்ற உறைக்குள் ‘டொக்கியுமென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பில், அதாவது குறிச்சொற்களால் பகுதி பிரித்த உரைக்கோப்பில், இருக்கும். அதை நோட்பேடில் திறந்தால் பந்திக்கு ஒரு குறிச்சொல், அதற்குள் ஒரே அழகமைப்புக் கொண்ட துண்டுக்கு ஒரு குறிச்சொல், அதற்குள் உரைக்கு ஒரு குறிச்சொல், அதற்குள் ‘யாழ்ப்பாணம்’ தமிழிலேயே கண்ணுக்குத் தெரியும். மைக்ரோசொஃப்டும் இல்லை, வேர்டும் இல்லை என்ற நிலையிலும் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம்.

இந்த நிலை எளிதில் வந்ததல்ல. பழைய டொக் வடிவம் பல ஆண்டுகள் வெளியாருக்கு மூடிய பெட்டியாகவே இருந்தது. மற்ற மென்பொருள்களை எழுதியவர்கள் பைட் பைட்டாகத் துருவி ஊகித்துத்தான் அதைப் படித்தார்கள். அதன் முழு விவரக்குறிப்பை மைக்ரோசொஃப்ட் 2008 இல் வெளியிட்டது. அதற்கு முன்பே, 2005 இல், ஓப்பன் டொக்கியுமென்ட் என்ற திறந்த வடிவம் தரமாக ஏற்கப்பட்டது. லிப்ரே ஒஃபிஸ் இன்று பயன்படுத்துவது அதைத்தான். 2006 இல் அது பன்னாட்டுத் தரமானது. டொக்எக்ஸ் குடும்பம் 2006 இல் எக்மா என்ற தர அமைப்பின் தரமாகவும் 2008 இல் பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. இரண்டுமே ஸிப் உறைக்குள் எக்ஸ்எம்எல்.

இனி அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் ‘யாழ்ப்பாணம்’ எப்படிப் பதிந்திருக்கிறது என்று பைட் அளவில் பார்ப்போம். யுனிகோட் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. ய, ஆகாரக் கால், ழ, புள்ளி, ப, புள்ளி, ப, கால், ண, ம, புள்ளி என்று இந்தச் சொல்லுக்குப் பதினொரு குறிகள். யுனிகோட் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் இந்தத் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் என்பதால் மொத்தம் 33 பைட். ‘அ’ என்ற எழுத்து 224, 174, 133 ஆகும். உலகில் யூடிஎஃப்-8 தெரிந்த எந்தக் கணினியும் அந்த மூன்று எண்களை ‘அ’ என்று மட்டுமே படிக்கும். கல்வெட்டில் உள்ள பெயர் பிழைத்திருக்க வேண்டுமென்றால் வேண்டியது இந்த உறுதிதான்.

அடுத்து, அதே சொல்லைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டுச் சேமித்து, அதே கோப்பைத் திறந்து பாருங்கள். உரைக் குறிச்சொல்லுக்குள் தமிழே இருக்காது. ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இசட், கே, அரைப்புள்ளி என்று பதினொரு ஆங்கிலக் குறிகள் இருக்கும். பக்கத்தில் ‘எழுத்துரு: பாமினி’ என்று ஒரு சிறு குறிப்பு. ஏ என்ற எழுத்துக்கு யகரத்தின் உருவத்தையும் எச் என்ற எழுத்துக்குக் காலின் உருவத்தையும் வரைந்து வைத்திருக்கிறது பாமினி, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கோப்பில் உள்ளது உள்ளபடி, ஆங்கிலமாகவே தெரியும். பேரப்பிள்ளை கண்ட பொருளற்ற எழுத்துகள் இவைதான்.

பாமினியைத் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. யுனிகோட் 1991 இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டாலும், விண்டோஸ் தமிழை முறையாகக் காட்டத் தொடங்கியது 2000 பதிப்பிலிருந்துதான். அச்சகங்கள் நம்பியிருந்த பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கோ யுனிகோட் கடைசிவரை வாய்க்கவில்லை. அடோபி 2004 இல் அதன் வளர்ச்சியையே நிறுத்திவிட்டது. அந்த நிலையில் ஈழத்துப் பத்திரிகைகளும் புலம்பெயர்ந்தோர் இதழ்களும் நூல்களும் கல்வெட்டுகளும் அச்சேறியது பாமினியாலும் அதுபோன்ற எழுத்துருக்களாலும்தான். அவை இல்லாதிருந்தால் அந்தப் பக்கங்களே இருந்திராது. இன்றைய வேலை, அவற்றைக் கவனமாக யுனிகோட்டுக்குக் கொண்டுவருவது.

கவனமாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாமினியில் ‘கை’ என்று எழுத, ஐகாரக் கொம்புக்கு ஐ என்ற ஆங்கில எழுத்தும் ககரத்துக்கு எஃப் என்ற எழுத்தும் வரும். கோப்பில் பதிவது ‘இஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் அதே இரண்டு பைட்டுகள். ஆங்கிலமும் தமிழும் கலந்த பக்கத்திலிருந்து உரையை மட்டும் நகலெடுத்து, பாமினியை யுனிகோட்டாக்கும் மாற்றியில் ஒட்டினால், எது கை, எது இஃப் என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. ஏனென்றால் எழுத்துருக் குறிப்பு நகலெடுக்கும்போதே கழன்றுவிட்டது. கனடா முகவரிகளும் ஆங்கிலப் பட்டங்களும் நிறைந்த வம்சாவளிப் பக்கங்கள் இப்படித்தான் குழம்புகின்றன. மாறாக, டொக்எக்ஸ் கோப்பையே உள்ளே வாங்கி, பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றும் நிரல் பிழைவிடாது. ஆகவே பழைய கோப்பிலிருந்து உரையை உருவி எடுப்பதற்கு முன் கோப்பை அப்படியே ஒரு படி எடுத்து வையுங்கள். பேஜ்மேக்கர் கோப்பு மட்டும் இருந்தால், 2015 இல் வந்த 4.4 பதிப்பு முதல் லிப்ரே ஒஃபிஸ் அவற்றைத் திறக்கும் வசதி கொண்டிருக்கிறது. பக்க அமைப்புக் கலையலாம், எழுத்துகளை எடுத்துவிடலாம்.

ஒரு சிறு குறிப்பு. வேர்டில் தமிழ் எழுத்தின் அளவை மாற்றினாலும் மாறாமல் அடம்பிடிப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். டொக்எக்ஸ் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அளவுகளை வைத்திருக்கிறது: இலத்தீன் எழுத்துக்கு ஒன்று, தமிழ், அரபு போன்ற சிக்கலெழுத்துகளுக்கு இன்னொன்று. தடித்த எழுத்துக்கும் அப்படியே இரண்டு. ஒரு நிரல் முதலாவதை மட்டும் எழுதிவிட்டால் தமிழுக்கு அது ஏறாது. அளவு அரைப் புள்ளிக் கணக்கில் எழுதப்படுவதால் 24 என்றிருந்தால் 12 புள்ளி என்று பொருள்.

பிடிஎஃப் பற்றி

‘எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிட்டோம், இனிக் கவலையில்லை’ என்று சொல்பவர்கள் பாதிதான் சரி. அடோபி 1993 இல் வெளியிட்டு, 2008 இல் பன்னாட்டுத் தரமான இந்த வடிவம் பக்கத்தின் தோற்றத்தைக் காப்பது. எழுத்துருவைத் தன்னுள்ளே பதித்துக்கொள்வதால், பாமினியில் அமைத்த கல்வெட்டும் எந்தக் கணினியிலும் அழகாகத் தெரியும். எங்கே அச்சிட்டாலும் ஒரே மாதிரி வரும். ஆனால் பிடிஎஃப் பக்கத்தில் அடிப்படையாக இருப்பது ‘இந்த எழுத்துருவின் இத்தனையாவது உருவத்தை இந்த இடத்தில் வரை’ என்ற கட்டளைகள். உருவத்திலிருந்து எழுத்துக்குத் திரும்புவதற்கு உள்ளே ஒரு தனி அட்டவணை வேண்டும். அது இல்லாவிட்டால் அல்லது தவறாக இருந்தால் தேடலும் நகலெடுத்தலும் வேலை செய்யாது.

தமிழுக்கு இதில் இன்னொரு இடைஞ்சல். ‘கொழும்பு’ என்பதன் முதலெழுத்து யுனிகோட்டில் ககரமும் அதன் பின் ஒகரக் குறியும். பக்கத்திலோ ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று உருவங்கள், ககரத்துக்கு இரு பக்கமும். பல பிடிஎஃப் கோப்புகளிலிருந்து நகலெடுத்தால் கொம்பு முன்னால் வந்து விழும். கண்ணுக்குச் சரிபோலத் தெரிந்தாலும் தேடலில் கொழும்பு அகப்படாது.

வருடிப் படமாக்கிய பிடிஎஃப் வேறு. அதில் எழுத்தே இல்லை, ஒளிப்படங்களின் கட்டு மட்டுமே. 2005 இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் பெரும்பாலும் இந்த வடிவில்தான் படிக்கிறோம். 1981 இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. பக்கத்தின் படமாவது பல இடங்களில் இருக்க வேண்டும் என்று பாடுபடுபவர்களின் உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தப் படங்களிலிருந்து எழுத்தைப் பெற எழுத்துணரி வேண்டும். டெசராக்ட் என்ற திறந்த மென்பொருள் தமிழைப் படிக்கும். ஆனால் மங்கிய அச்சில் பிழைகள் வரும், பெயர்களில் மேலும் கூடுதலாக வரும். பெயர்களை ஆள் இருந்து சரிபார்க்கத்தான் வேண்டும்.

அச்சகத்தாரிடம் கேட்டுப் பெற வேண்டியது இதுதான்: திருத்தக்கூடிய மூலக்கோப்பு, யுனிகோட் உரை, ஆவணக் காப்புக்கென்று அமைந்த பிடிஎஃப்/ஏ வகைக் கோப்பு. அந்த வகையில் யூ என்ற நிலையைக் கேளுங்கள். எழுத்துரு உள்ளே பதிந்திருக்க வேண்டும் என்பதோடு, ஒவ்வோர் உருவத்துக்கும் யுனிகோட் இணையும் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அந்த நிலை.

நாமே ஒரு வகையை அமைப்பதானால்

புதிய கோப்பு வகை அமைக்க ஆசைப்படுகிறவருக்கு என் முதல் ஆலோசனை, இருப்பதைத் தேடிப் பாருங்கள் என்பதே. வம்சாவளிக்கு மட்டும் என்றால் 1984 முதல் வழக்கில் உள்ள ஜெட்கொம் என்ற வடிவம் இருக்கிறது. வெறும் உரைவரிகள், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு படிநிலை எண், அடுத்து ஒரு குறிச்சொல், அடுத்து மதிப்பு. 2021 இல் வந்த அதன் 7.0 பதிப்பு யூடிஎஃப்-8 ஐக் கட்டாயமாக்கியதோடு, படங்களையும் சேர்த்துப் பொதியும் ஸிப் வகையையும் கொண்டுவந்தது. நமக்கு மட்டும் வேண்டிய புலங்களை அடிக்கோட்டில் தொடங்கும் குறிச்சொற்களாகச் சேர்க்கலாம். குடும்ப மரம் மட்டும் போதும் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கல்வெட்டு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்க வேண்டுமானால் புதிய வகைக்கு நியாயம் உண்டு. வரலாறு, வெண்பா, ஒளிப்படங்கள், வம்சாவளி, அச்சிட்ட பக்கங்களின் பிடிஎஃப் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். தொடர்புகள் அறுந்துவிடக் கூடாது. அதற்கு ‘வம்சம்’ என்று பெயர் வைப்போம்.

உறையாக ஸிப்பையே எடுத்துக்கொள்வோம். பைட் அளவில் சொந்தமாக ஒரு வடிவத்தைச் செதுக்கும் ஆசை நிரலாளர் பலருக்கும் வரும். பிழையாகிப்போன பைட்டுகளைத் தேடி வருந்துவதைத் தவிர அதில் நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஸிப்பைத் திறக்க எல்லாக் கணினியிலும் கருவி உண்டு. மின்னூல்களின் ஈபப் வடிவமும் ஓப்பன் டொக்கியுமென்டும் கையாளும் ஓர் அழகான முறையை அப்படியே பின்பற்றலாம்: உறையில் முதலாவதாக, சுருக்காமல், ‘மைம்டைப்’ என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு, அதற்குள் வகையின் பெயர் மட்டும். ஸிப்பில் ஒரு பதிவின் தலைப்பு 30 பைட். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் எட்டு எழுத்து. ஆகவே எந்தக் கோப்பிலும் 38 பைட்டுகளைத் தாண்டியவுடன் வகைப்பெயர் தொடங்கும். ஸிப்பைப் பிரிக்காமலே, பின்னொட்டுத் தொலைந்திருந்தாலும், இது வம்சம் கோப்பு என்று ஒரு சிறு நிரல் கண்டுபிடித்துவிடும்.

உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் வைப்பது நல்லது. ஸிப் பிறந்த காலத்தில் பெயர்களுக்குப் பழைய ஐபிஎம் குறிமுறையே இருந்தது. யூடிஎஃப்-8 என்று குறிக்கும் வழி பின்னால்தான் வந்தது, சில கருவிகள் அதை இன்றும் கவனிப்பதில்லை. உள்ளடக்கம் முழுவதும் யூடிஎஃப்-8 தமிழில் இருக்கட்டும். உரை இணையப் பக்கங்களின் எச்டிஎம்எல் ஆகவும், ஆட்களின் விவரம் புலமும் மதிப்புமாக எழுதும் ஜேசன் ஆகவும் இருந்தால் எந்தக் காலத்திலும் நோட்பேட் போதும்.

வம்சாவளியின் கட்டமைப்பில்தான் சிந்தனை அதிகம் வேண்டும். எளிய வழி பெற்றோருக்குள் பிள்ளைகள், அவர்களுக்குள் அவர்களின் பிள்ளைகள் என்று கூடு கூடாக எழுதுவது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு அது இரண்டு தலைமுறையைத் தாண்டாது. மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்துகொண்டால் அவர்களின் பிள்ளைக்குத் தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் ஒரே பூட்டன். அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டு அண்ணன் தங்கையோடு மாற்றிக் கட்டியிருந்தால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். கூடு முறையில் அந்தப் பூட்டனை இரண்டு இடத்தில் எழுத வேண்டி வரும்; ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடம் பழையபடி இருக்கும். ஆகவே ஒவ்வோர் ஆளுக்கும் மாறாத ஓர் இலக்கம், ஆட்களுக்கு ஒரு பட்டியல், மணங்களுக்குத் தனிப் பட்டியல். மணத்தில் இருவரின் இலக்கங்களும் பிள்ளைகளின் இலக்கங்களும் மட்டும் இருக்கும். மரமாக வரைவது காட்டும் மென்பொருளின் பொறுப்பு.

பெயரையும் மேல்நாட்டுப் படிவத்தின்படி முதற்பெயர், குடும்பப்பெயர் என்று வெட்டக் கூடாது. நம் வழக்கில் முன்னால் நிற்பது தந்தையின் பெயர். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர் சேரும். கல்வெட்டில் அச்சான பெயர் முழுவதும் ஒரு புலத்தில் அப்படியே. தன் பெயர் ஒரு புலத்தில். அழைத்த பெயர், பதிவுப் பெயர், கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆகியவை எத்தனை இருந்தாலும் ஒரு பட்டியலில். ஒரே தகப்பனின் பிள்ளைகள் நோர்வேயிலும் கனடாவிலும் அவர் பெயரை வேறு வேறாக எழுதிவருகிறார்கள். தேடும்போது இரண்டும் கிடைக்க வேண்டும்.

நாளுக்கும் இரண்டு புலங்கள். ஒன்று ஆண்டு, மாதம், நாள் என்ற பன்னாட்டு வரிசையில், ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டு மட்டும் எழுத இடம் தந்து. மற்றது கல்வெட்டில் கண்டபடி: தமிழ் ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்ற பட்சம், திதி. வெண்பா சொல்லும் திதியை இயந்திரக் கணக்கால் ‘சரிசெய்து’ எழுதிவிடாதீர்கள். வீட்டார் திவசம் செய்வது அந்தத் திதியில்தான்.

சேமிக்கும்போது தமிழ் உரையை யுனிகோட்டின் இயல்பாக்கிய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் தெரியும். இயல்பாக்கம் இதைத் தீர்க்கும். ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிடும் வழக்கத்தை அது தீர்க்காது. அதற்குத் தனியாக ஒரு சரிபார்ப்பு எழுத வேண்டும்.

உயிருடன் இருப்பவர்களின் பிறந்த நாளும் முகவரியும் வம்சாவளியில் நிறைய வரும். அவற்றைப் பிறருக்கு அனுப்பும் படியில் நீக்கிவிடும் வசதி வகையின் வரையறையிலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மோசடிக்காரர்கள் தேடுவது இத்தகைய விவரங்களைத்தான். படிக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் ஒரு சொல்: பிறர் அனுப்பிய ஸிப்பை நம்பாதீர்கள். உறையை விட்டு வெளியே எழுதப் பார்க்கும் பாதைகளை மறுக்க வேண்டும். விரிந்தால் எவ்வளவு ஆகும் என்று முன்பே ஓர் எல்லை வைக்க வேண்டும்.

வகையைக் கணினிக்கு அறிமுகம் செய்வது ஒப்பீட்டளவில் சிறு வேலை. விண்டோஸில் அமைப்பு விவரங்களைச் சேர்த்துவைக்கும் பதிவகத்தில் பின்னொட்டுக்கு ஒரு பதிவு, அதிலிருந்து திறக்கும் கட்டளைக்கு ஒரு பதிவு. லினக்ஸில் வகைப்பெயர், பின்னொட்டு, அந்த 38 ஆவது இடத்துக் குறி ஆகியவற்றைச் சொல்லும் ஒரு சிறு எக்ஸ்எம்எல் கோப்பு. வகைப்பெயரை இணைய எண்களையும் பெயர்களையும் பேணும் ஐயானா அமைப்பிடம் வெளியீட்டாளர் கிளையில் பதிந்துகொள்ளலாம். எக்ஸ் என்று தொடங்கும் தற்காலிகப் பெயர்களை 2012 முதல் தவிர்க்கச் சொல்கிறார்கள். தற்காலிகம் என்று வைத்தவை நிலைத்துப்போய் இரட்டைப் பெயர்க் குழப்பம் வந்ததே காரணம். அயர்த்துவிடக் கூடாத ஒன்று: திறக்கும் செயலி இல்லாத கைபேசிக்கும் இந்தக் கோப்பு வாட்ஸ்அப்பில் போகும். அங்கே பெறுபவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் உறைக்குள் பிடிஎஃப் ஐயும் வைத்தோம். மென்பொருள் ‘பிடிஎஃப் ஆகப் பகிர்’ என்ற பொத்தானை முன்னால் வைக்க வேண்டும்.

உறைக்குள் இன்னொரு உரைக்கோப்பும் வேண்டும்: ஒவ்வொரு புலமும் எதைக் குறிக்கிறது என்று தமிழில் விளக்கும் விவரக்குறிப்பு, பதிப்பு எண்ணோடு. ஒவ்வொரு வம்சம் கோப்பிலும் அது சில கிலோபைட்டைத்தான் எடுக்கும். பதிப்பு எண் இரு பகுதியாக இருக்கட்டும். பழைய மென்பொருளும் படிக்கக்கூடிய சிறு சேர்க்கைக்கு இரண்டாம் பகுதி ஏறும். படிக்கவே முடியாத மாற்றத்துக்கு முதற் பகுதி ஏறும், அப்போது பழைய மென்பொருள் அரைகுறையாகத் திறக்காமல் புதிய பதிப்பு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி நிற்க வேண்டும். தனக்குத் தெரியாத புலம் ஒன்றைக் கண்டால் மென்பொருள் அதை எறிந்துவிடாமல், சேமிக்கும்போது அப்படியே திரும்ப எழுத வேண்டும். சாவகச்சேரியில் ஒருவர் புதிய பதிப்பில் சேர்த்த குறிப்பை, டொரொன்டோவில் பழைய பதிப்பில் எழுத்துப்பிழை திருத்திய மருமகன் அறியாமலே அழித்துவிடாதிருக்க அது ஒன்றே வழி.